நாலாம் பூட்டு

வண்டியில விழலைங்க. இங்க வர்ற எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. நீங்க வாயால கேக்கல, என் கைக்கட்டைப் பார்த்துக் கண்ணால கேட்டீங்க. உக்காருங்க சார், டோக்கன் இப்போதைக்கு நகராது. உள்ள ஒருத்தருக்கு நழுவின தோள்பட்டையை ஏத்திக்கிட்டு இருக்காங்க, சத்தம் கேக்குதுல்ல? அது ஓயணும், அப்புறம் வைத்தியர் டீ குடிக்கணும், அப்புறம்தான் நம்மளக் கூப்பிடுவாங்க.

உங்களுக்கு முட்டியா? மாடிப்படியா? சரி, சரி.

என்னது சண்டை. குடிச்சிட்டுப் புரள்ற சண்டைன்னு நினைச்சுக்காதீங்க, முறையான சண்டை. பிடிவரிசைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம பழைய கலை. ஒருத்தன் குத்த வர்றான்னு வைங்க. அந்தக் கையைப் பிடிச்சு, மடக்கி, அதுக்கு மேல நம்ம கையைப் போட்டு அவனை அசைய விடாம நிறுத்தறது. அதுக்குப் பேரு பூட்டு. பூட்டு நிறைய இருக்கு. அதுல நாலாம் பூட்டுதான் ராஜா. அது விழுந்துச்சுன்னா, விழுந்தவன் சோறு பிசையறதுக்கு அடுத்தவங்க கையைத்தான் எதிர்பாக்கணும்.

கொரட்டூர்ல ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில எங்க வகுப்பு. மாஸ்டர் பேரு குணசீலன். வயசுல என்னை விடச் சின்னவர். எங்க கத்துக்கிட்டீங்கன்னா ஹாங்காங்னுவார். போனது நிஜம்தான், கப்பல்ல சமையல் வேலைக்குப் போனார். திரும்பி வந்து, நம்ம ஊர் பிடியையும் அவங்க ஊர் வித்தையையும் ஒண்ணா அரைச்சு ஒரு பாடமாக்கிட்டார். சமையல்காரர் இல்லையா. மாடியில சவுக்குக் கட்டையில ஒரு மரப்பொம்மை நட்டு வெச்சிருக்கார். அதுக்கு மூணு கை. மூணும் எப்பவும் முன்னாடி நீட்டிக்கிட்டே இருக்கும். என்ன அடிச்சாலும் இழுத்துக்காது.

அந்தப் பொம்மைக்கு அடுத்த இடம் எனக்கு. பெருமைக்குச் சொல்லல, வகுப்புல என் பொறுப்பே அதான். கை கொடுக்கிறது. மாஸ்டர் பாடம் காட்டணும்னா எவனாவது குத்தணும்ல? நான் குத்துவேன். குத்திட்டுக் கையை அப்படியே அந்தரத்துல நிறுத்திடணும். அவர் அதைப் பிடிச்சு, "இங்க பாருங்க, முழங்கை உள்ள வந்துடுச்சு, இனிமே இவரால இந்தப் பக்கம் திரும்ப முடியாது, அந்தப் பக்கமும் திரும்ப முடியாது"ன்னு விளக்குவார். நடுவுல அவருக்கு போன் வந்தா பேசிட்டு வருவார். அது வரைக்கும் கை நிக்கணும், ஆடக் கூடாது. பூட்டு ரொம்ப இறுகிடுச்சுன்னா, இன்னொரு கையால அவர் மேல ரெண்டு தட்டு தட்டணும். தட்டுனா உடனே விட்டுடணும். அதான் முறை. வாயால சொல்றது மரியாதை இல்ல.

கேக்கறதுக்கு லேசா இருக்கும். எல்லாராலயும் முடியாது சார். புதுசா வர்றவன் குத்திட்டுப் படக்குனு கையை இழுத்துப்பான். என்ன சொன்னாலும் இழுத்துப்பான். மாஸ்டர் அலுத்துப் போய், "டேய், கோதண்டத்தைப் பாருங்கடா, குத்தின கையை எப்படி விட்டு வெச்சிருக்காரு பாருங்கடா"ம்பார். கோதண்டம் நான்தான்.

பகல்ல எனக்கு அம்பத்தூர்ல லேத்து வேலை. ஓடுற மிஷின்ல ஒரு நொடி கையை விட்டு வெச்சா கை நமக்கில்ல. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு கீறல் விழுந்ததில்ல சார். பட்டுனு எடுத்துடுவேன். அது தொழில். இது கலை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

கஸ்தூரி குழப்பிப்பா. கஸ்தூரி என் சம்சாரம். ஒரு நாள் சுவத்துல கொசுவை அடிச்சிட்டு அப்படியே திரும்பிக் கேட்டா, "எனக்கு ஒண்ணு புரியலய்யா. அடிச்சவன் கையை எதுக்கு அங்கேயே வெச்சிருக்கான்? கொசுவை அடிச்சாலே நாம கையை எடுத்துடறோம்."

"அது பயிற்சிடி. மெதுவா செய்யறோம். தெருவுல வேகமா வரும்."

"வேகமா வர்றது வேகமா போயிடாதா?"

அவ எட்டாவது. நான் நைட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சவன். பௌதிகத்துல நெம்புகோல் எல்லாம் படிச்சவன், எதையும் ஏன்னு கேக்காம செய்யறவன் இல்ல. அவகிட்ட நெம்புகோலை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? விட்டுட்டேன்.

இன்னொரு நாள் அவ தம்பி வந்தான். "மாமா, நான் குத்தறேன், நீங்க பூட்டுங்க பார்ப்போம்"னான். குத்தினான். நான் பிடிக்கறதுக்குள்ள கை அவன் இடுப்புக்குப் போயிடுச்சு. அடுத்தது என் காதுல வந்துச்சு. அதுவும் போயிடுச்சு. "டேய், கையை நிறுத்துடா"ங்கறேன். "எதுக்கு மாமா?"ங்கறான். முறை தெரியாதவனை வெச்சுக் கலையைச் சோதிச்சா இப்படித்தான் ஆகும்.

தண்ணி வேணுமா சார்? அந்த ட்ரம்முல இருக்கு. எழுந்துக்காதீங்க, முட்டியை நீட்டியே வைங்க.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு. இத்தனை வருஷம் கை கொடுத்தவன், ஒரு நாளாவது பிடிக்கணும்ல? எனக்குன்னு வகுப்போட ஒரு கிளை. நான் நடுவுல நிக்கணும். வேற எவனாவது கையை நீட்டணும். நான் பிடிச்சிக்கிட்டு, "முழங்கை உள்ள வந்துடுச்சு பாருங்க"ன்னு சொல்லணும். நடுவுல எனக்கு ஒரு போன் வரணும். அவ்வளவுதான். கேட்டா மாஸ்டர், "பார்க்கலாம் கோதண்டம்"பார். போன வருஷம்தான் மனசு இறங்கி, "உங்க ஏரியாவுல ஒரு இடம் பிடிங்க. கிடைச்சா கிளை உங்களுது"ன்னார்.

திருமுல்லைவாயில்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஃப்ளாட். கீழ ஹால் சும்மாதான் கிடக்கு. அங்க செகரட்டரி சம்பந்தம்னு ஒரு சார், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனசு வெச்சா ஹால் கிடைக்கும். போய்ப் பார்த்தேன். பொறுமையா கேட்டார். கேட்டுட்டு, "கோதண்டம், எங்க கேட்டுக்கு வெளியவே ரெண்டு பேர் செயினை அறுத்துட்டானுங்க. எங்க ஜனங்களுக்கு யோகா இருக்கு, ஜும்பா இருக்கு. இது தெருவுல செல்லுமா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னார்.

"செல்லும் சார்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

இது என்ன கேள்வி சார்? தினம் என் கையிலதானே நடக்குது. இருந்தாலும் தெருவுல பார்த்ததில்ல. "வாங்க சார், டிபன் சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்"னு பஸ் ஸ்டாப் பரோட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்லா வெளிச்சம் இருக்கற நேரம்.

அந்தக் கடையில பரோட்டா போடுறவர் சுடலைமணி. திருநெல்வேலிப் பக்கம். கல்லுக்கு முன்னாடி நின்னார்னா அவர் கையைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். உருண்டையைப் பிடிப்பார், இழுப்பார், வீசுவார், மடிப்பார், சுத்துவார், உள்ளங்கையால அமுத்துவார். நல்ல கை. ஆனா முழங்கை வெளிய போகும். எனக்கு அது கண்ணை உறுத்தும். தினமும் போறப்ப, "தம்பி, முழங்கை உள்ள வரட்டும், பலம் கூடும்"னு சொல்வேன். நல்லதுக்குத்தான். முதல்ல சிரிச்சார். அப்புறம் சிரிக்கறதை நிறுத்திட்டார். அப்புறம் எனக்கு வர்ற பரோட்டா மட்டும் கொஞ்சம் கருகி வர ஆரம்பிச்சுது. கூட்டம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னிக்குச் சம்பந்தம் சாருக்கு உதாரணம் காட்டணும்ல? "அதோ அவரைப் பாருங்க சார். கை பூரா பலம், ஆனா முறை இல்ல. முழங்கை எப்படித் திறந்து கிடக்குது பாருங்க. இந்த மாதிரி ஆள் கையை எவன் வேணா பூட்டிடலாம்"னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன் போல. கல்லுல தட்டுற சத்தம் நின்னுச்சு.

"அண்ணாச்சி, நீங்க திங்க வந்தியளா, திருத்த வந்தியளா?"

கடை பூரா சிரிச்சிட்டாங்க சார். சம்பந்தம் சாரும் சிரிச்சார். எனக்குக் கிளை போறது கண்ணுக்குத் தெரியுது. எழுந்தேன்.

"தம்பி, உண்மையைச் சொன்னா கோபம் வரக் கூடாது."

"யாரு கைய யாரு பூட்டுதது? வாரும்வே, பூட்டும்."

துண்டுல கையைத் துடைச்சிக்கிட்டு வெளிய வந்துட்டார். நான் அமைப்புல நின்னேன். கால் அகலம், இடுப்பு கீழ, ரெண்டு கையும் முன்னாடி. சம்பந்தம் சார் தட்டைக் கையில வெச்சுக்கிட்டே எழுந்துட்டார். இப்ப சுடலைமணி குத்தணும், நான் பூட்டணும். நிக்கிறார். சும்மா நிக்கிறார் சார்! குத்த மாட்டேங்குறார். இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்னையே பாக்குறார். எதிராளி குத்தலைன்னா என்ன செய்யறதுன்னு எங்க பாடத்துல இல்ல. எங்க வகுப்புல யாராவது குத்தாம நின்னா மாஸ்டர் திட்டுவார்.

அவர் நிக்கிறார், நான் நிக்கிறேன். பஸ் வந்துட்டுப் போகுது. கண்டக்டர் கூட எட்டிப் பார்த்தான். யாராவது ஆரம்பிக்கணும்ல? எங்க மாடியில எப்பவும் ஆரம்பிக்கறது யாரு? நான். பழக்கம் சார். குத்திட்டேன். நெஞ்சுல, லேசா, முழங்கை உள்ள வெச்சு, புத்தகத்துல போடுற மாதிரி ஒரு குத்து. குத்திட்டுக் கையை நிறுத்தினேன்.

எவ்வளவு அழகா நின்னுச்சு தெரியுமா? ஒரு நடுக்கம் இல்ல. மாஸ்டர் பார்த்திருந்தா கண்ணுல தண்ணி வந்திருக்கும்.

சுடலைமணி அந்தக் கையைப் பார்த்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். அவருக்கே ஒண்ணும் புரியல பாவம். அப்புறம், முன்னாடி நீளமா ஒண்ணு இருந்தா அவருக்குத் தெரிஞ்சதைச் செஞ்சார். மணிக்கட்டைப் பிடிச்சார், இழுத்தார், மடிச்சார், சுத்தினார், மேல உள்ளங்கையை வெச்சு அமுத்தினார். அப்படியே நாலாம் பூட்டு! ஒரு பிசகு இல்ல. அதை விடுங்க, முழங்கை, அவரோட முழங்கை, உள்ள வந்திருந்துச்சு சார். நான் தினமும் சொன்னது மனசுல எங்கயோ பதிஞ்சிருக்கு.

சரி, பாடம் முடிஞ்சுது. இடது கையால அவர் முதுகுல ரெண்டு தட்டு தட்டினேன். விடலை. நான் திருப்பி அடிக்கிறேன்னு நினைச்சுட்டார். இன்னும் கொஞ்சம் சுத்தினார். நான் முறைப்படி இன்னும் பலமா தட்டினேன். அவர் இன்னும் பலமா சுத்தினார். தட்டறேன், சுத்தறார். உடைஞ்ச சத்தம் சம்பந்தம் சாருக்குக் கேட்டுச்சாம். எனக்குக் கேக்கல. நான் தட்டிக்கிட்டு இருந்தேன்.

நல்ல மனுஷன் சார் சுடலைமணி, அதைச் சொல்லணும். அவரேதான் துண்டுல கையைக் கட்டி, கடையை அப்படியே போட்டுட்டு, வண்டியில இங்க கூட்டிட்டு வந்தார். வழி பூரா, "ஏன் அண்ணாச்சி கைய இழுக்கல? ஏன் இழுக்கல?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். வைத்தியரும் அதைத்தான் கேட்டார். கஸ்தூரி மட்டும்தான் கேக்கல. சோத்தைப் பிசைஞ்சு ஊட்டிக்கிட்டே, "உனக்கு ரெண்டு கைதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ"ன்னா. பொம்பளைங்களுக்கு எதையும் கணக்குப் பார்க்கத்தான் தெரியும்.

மாஸ்டர் பார்க்க வந்தார். உள்ள வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பூட்டு?"

"நாலாம் பூட்டு மாஸ்டர்."

"தெருவுலயா?"

"பஸ் ஸ்டாப்புல."

அப்படியே நாற்காலியில உக்காந்துட்டார். "செல்லும்னு நான் சொன்னேனா இல்லையா கோதண்டம்"ங்கறார். அதுக்கு அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. நேரா சம்பந்தம் சாரைப் போய்ப் பார்த்திருக்கார். அவருக்குச் சந்தேகமே இல்ல. "நானே கண்ணால பார்த்தேன் சார், அரை நிமிஷம் கூட ஆகல, ஆள் அசைய முடியல"ன்னிருக்கார். ஹால் கிடைச்சிடுச்சு. பேனர் வெச்சாங்க, 'தெருவில் நிரூபிக்கப்பட்ட கலை'ன்னு. சம்பந்தம் சார் அன்னிக்கு போன்ல எடுத்த போட்டோவையே போட்டிருந்தாங்க. சுடலைமணி முழுசா இருந்தார். நான் மணிக்கட்டு வரைக்கும் இருந்தேன். மீதியை வெட்டிட்டாங்க, இடம் பத்தலையாம்.

கிளை யாருக்குன்னு கேக்குறீங்க. சுடலைமணிக்குத்தான். காலையில வகுப்பு, சாயங்காலம் பரோட்டா. அவர் பாவம், "எனக்கு ஒண்ணும் தெரியாது. இவிய கைய நீட்டுனாவ, நான் பிடிச்சேன்"னு ஆயிரம் தடவை சொல்லிட்டார். மாஸ்டர், "தெரியாம வர்றதுதான் தம்பி உச்சம்"னுட்டார். நான் மாஸ்டர்கிட்டயே கேட்டேன், "அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தானே? முழங்கையைத் திருத்தினது யாரு?"ன்னு. "அதை யாரு இல்லைன்னா? ஆனா ஜனங்க ஜெயிச்சவன்கிட்டதான் கத்துக்க வருவாங்க கோதண்டம்"னார். நியாயம்தான். நியாயமா இருக்கறதாலதான் ராத்திரியில தூக்கம் வரல.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

ஆமா. கட்டு இருக்கிற இது இடது கை. நான் இவ்வளவு நேரம் சொன்னது வலது கை. அது கூடிடுச்சு சார், இதோ பாருங்க, நல்லாவே வேலை செய்யுது. இது திறப்பு விழாவுல ஆனது.

திறப்பு விழாவுக்கு ஒரு செய்முறை வேணும்ல? கை கொடுக்க ஆள் வேணும். மாஸ்டர் என் வலது கைக் கட்டைப் பார்த்தார், "இடது சும்மாதானே இருக்கு?"ன்னார். ஹால் நிறைய ஜனம். மைக் இருந்துச்சு. சுடலைமணிக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார் மாஸ்டர், போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு. "அவர் தட்டுனா உடனே விட்டுடுங்க. வாயால கத்துனா விடாதீங்க, அது ஜனங்களுக்காக." நல்ல ஏற்பாடுதான். நான் இடது கையால குத்தினேன். நிறுத்தினேன். நாலாம் பூட்டு விழுந்துச்சு. மாஸ்டர் மைக்ல விளக்க ஆரம்பிச்சார். இறுகுது. தட்டலாம்னு பார்க்கறேன்.

எதால தட்டறது சார்? வலது கைதான் மூங்கில் பத்தையில கட்டிக் கழுத்துல தொங்குதே.

காலால தரையைத் தட்டினேன். அதுவும் பிடிவரிசையில ஒரு அடின்னு நினைச்சுக்கிட்டாங்க. "விடுங்க தம்பி"ன்னேன். சுடலைமணி காதுல மெதுவா, "நல்லா கத்துதிய அண்ணாச்சி"ன்னார். ஜனம் கை தட்டுச்சு. அந்தச் சத்தத்துல இந்தக் கை உடைஞ்ச சத்தமும் கேக்கல.

ஆனா கதை அங்க முடியல. போன வாரம் மாஸ்டர் பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தார். கிளை சரியா போகலையாம். அந்த ஃப்ளாட் ஜனங்க குத்தறாங்க, கையை இழுத்துக்கறாங்க. குத்தறாங்க, இழுத்துக்கறாங்க. சுடலைமணி பிடிக்கறதுக்குக் கையே இல்ல. வெறுங்காத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாராம். இது தெருவுல செல்லும், ஹால்ல செல்லாதான்னு சம்பந்தம் சார் கேக்குறாராம். "நீங்க இல்லாம முடியாது கோதண்டம்"னார் மாஸ்டர். "கை கொடுக்கிறதுக்குன்னே தனி வகுப்பு வைக்கலாம். அது உங்க வகுப்பு. நீங்கதான் மாஸ்டர்."

காப்பியோட வந்த கஸ்தூரி அதைக் கேட்டுட்டு, "ஓ, இனிமே ஊரே ஒடிஞ்சு போய் நிக்கப் போகுதா?"ன்னா. ட்ரேயை டொக்குனு வெச்சா. நான் கண்டுக்கல. எனக்கு வேற எதுவும் மனசுல ஏறல சார். என் வகுப்பு. ஞாயித்துக்கிழமை ஆரம்பம். இந்தக் கட்டு பிரிக்கறதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன்.

அதனால யாராவது உங்ககிட்ட இதெல்லாம் தெருவுல செல்லுமான்னு கேட்டா, செல்லும்னு தைரியமா சொல்லுங்க. ரெண்டு தடவை பூட்டினாங்க, ரெண்டு தடவையும் செல்லுச்சு. வேற எந்தக் கலைக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கு? குத்தறவன் மட்டும் ஒழுங்கா கத்துக்கிட்டு வரணும். அந்த ஒரு குறைதான். அதைத்தான் நான் சரி பண்ணப் போறேன்.

உள்ள சத்தம் நின்னுடுச்சு. டீ குடிக்கிறார் போல. இன்னும் நேரம் இருக்கு. உங்களுக்கு முட்டிதானே அடி? கை நல்லா இருக்குல்ல? சும்மா ஒண்ணு குத்துங்க, இதோ, என் நெஞ்சுல. லேசா. வெட்கப்படாதீங்க சார், இங்க யாரு பாக்குறா. குத்திட்டு அப்படியே விட்டு வைங்க.

ஆங், குத்துங்க.

பாத்தீங்களா? இழுத்துட்டீங்க. எல்லாரும் இந்தத் தப்பைத்தான் சார் பண்றீங்க.